ஈரல் வேண்டாம் என்றவர்

ஈரல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மருத்துவர்களான உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் துறைத் தலைவர் கேட்டார். அவர் என்னிடம் படித்தவர். எழுத மறுத்தால் நேரில் வந்து பேசச் சொல்வார். பேசினால் நீங்கள் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். எழுதினால் வாசிக்காமல் விட்டுவிடலாம். உங்கள் வசதியை நினைத்து எழுதுகிறேன்.

மருந்து, அளவு, அறுவை நுணுக்கம் எதுவும் இதில் இல்லை. அதெல்லாம் உங்கள் கைபேசியில் என்னைவிடத் தெளிவாக இருக்கிறது. ஓய்வு பெற்றபின் என்னிடம் மிஞ்சியிருப்பது சில மனிதர்களும் அவர்கள் பேசிய பேச்சும்தான். அதில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன் வயதைப் பற்றி ஒரு வார்த்தை. எழுபது வயதுக்காரருக்கு ஈரல் மாற்று அறுவை செய்யலாமா என்று உறவினர்கள் உங்களிடம் கேட்பார்கள். கேட்கும்போதே பாதிப் பேர் 'கூடாது' என்ற பதிலை எதிர்பார்த்து நிற்பார்கள், மீதிப் பேர் 'கட்டாயம் செய்யலாம்' என்பதை. இரண்டையும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். நான் வயதைக் கேட்டதோடு நின்றதில்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கினால் மேம்பாலத்தை நடந்து கடப்பீர்களா, எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்குவீர்கள் என்று கேட்பேன். அறுபதிலேயே பாலத்தைப் பார்த்ததும் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிடுகிறவர் உண்டு. எழுபதில், ஆட்டோக்காரர் கூடுதலாகக் கேட்டார் என்று சண்டை பிடித்துவிட்டு, அந்தக் கோபத்திலேயே பாலம் முழுக்க நடந்து வருகிறவரும் உண்டு. இரண்டாமவரின் உடம்பு கத்தியைத் தாங்க வாய்ப்பு அதிகம்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி இரண்டாவது ரகம். திருநெல்வேலி டவுனில் ரதவீதிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்தார். எழுபதை எட்டப் போகிற வயது. குடி கிடையாது, பீடி கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. பரம்பரைச் சைவம். சர்க்கரை மட்டும் இருந்தது, கூடவே கொழுப்பும் சேர்ந்து, இரண்டுமாகச் சத்தம் காட்டாமல் ஈரலைச் சுருக்கிவிட்டன.

ஈரல் கெட்டுப்போச்சு என்றால் நம் ஊரில் முதலில் தேடுவது பாட்டிலைத்தான். பழைய வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கே வந்து, "அண்ணாச்சி, இத்தன வருசமா ஒருத்தருக்கும் தெரியாம எப்படிக் குடிச்சிய?" என்று மரியாதை குறையாமல் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அண்ணாச்சியின் மனைவி சிவகாமி அம்மாள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "குடியெல்லாம் இல்ல, அவுகளுக்குக் கொழுப்பு, அம்புட்டும் கொழுப்பு" என்று விளக்க ஆரம்பித்தார். கேட்டவர்கள் புருஷன் பெண்சாதிக்குள் ஏதோ தகராறு என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

வயிற்றில் நீர் கோத்தது. எடுத்தால் திரும்பக் கோத்தது. மருந்து கைவிட்ட பிறகு மதுரைக்கு அனுப்பினேன். இங்கே பார்த்துக்கொள்வது என் வேலை, அறுப்பது அங்கே உள்ள குழுவின் வேலை. இதயம், நுரையீரல் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு அங்குள்ள அறுவை நிபுணர் போன் செய்தார். வயது ஒரு தடையில்லை, ஆனால் தள்ளிப்போடவும் முடியாது என்றார். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் ஈரலுக்காகக் காத்திருப்போர் வரிசையில் பெயரைச் சேர்த்தாகிவிட்டது. அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. உயிரோடு இருக்கிற நெருங்கிய உறவினர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் நல்லது. கொடுத்தவருக்கு அது வளர்ந்துவிடும்.

மகன் உடனே முன்வந்தார். சோதித்துப் பார்த்தால் அவர் ஈரலிலும் அதே கொழுப்பு. கடையோடு சேர்த்து அதையும் அப்பா அவருக்குக் கொடுத்திருந்தார். அடுத்தது மகள் கோமதி, பக்கத்தில் ஏரல் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டவர். ரத்த வகை பொருந்தியது, ஈரல் பளிங்கு மாதிரி இருந்தது. கணவரும் சம்மதித்தார். எல்லாம் கூடிவந்த நேரத்தில் அண்ணாச்சிக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்தது.

இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஈரல் வடிகட்டாமல் விட்ட கழிவு மூளைக்கு ஏறிவிடும். ஆள் பகலில் தூங்குவார், சட்டையைத் திருப்பிப் போடுவார், மகனைப் பார்த்து நீ யார் என்பார். அண்ணாச்சியை எங்கள் வார்டில் சேர்த்தோம். சேர்த்த அன்றைக்கு, எங்கள் இளம் மருத்துவர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு குழறலாக ஒரு வாக்கியம் சொன்னார். பிறகு நர்சிடம் சொன்னார். மகனிடம் சொன்னார். கடைசியில் என்னிடமும் சொன்னார்.

"ஈரல் வேண்டாம்."

அந்த இளம் மருத்துவர் கோயம்புத்தூர்ப் பெண். கெட்டிக்காரி. "சார், மத்ததெல்லாம் உளறலா இருக்குதுங்க. இது ஒண்ணை மட்டும் ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் சொல்றாருங்க. பெரியவருக்கு ஆபரேஷன்ல விருப்பம் இல்லைன்னுதான் எனக்குத் தோணுது" என்றார்.

மகன் வேறு மாதிரி யோசித்தார். "நெனவு தப்பிக் கெடக்க ஆளு பேச்ச எடுத்துக்கலாமா டாக்டரய்யா? நான் கையெழுத்துப் போடுதேன். நீங்க மதுரைக்கு அனுப்புங்க."

மதுரையிலிருந்து அறுவை நிபுணர் கேட்டார்: "ஆள் வேண்டாம்னு சொல்றாராமே? வயசானவர். அவர் சொன்னதை மதிச்சு விட்டுடலாமா, இல்லை தியேட்டரைப் பிடிச்சு வைக்கட்டுமா? எனக்கு ஒரு பதில் சொல்லுங்க."

கவனியுங்கள். ஒரு பக்கம் அவர் சொன்னதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டு அவரைச் சாகவிடத் தயாராக இருந்தோம். இன்னொரு பக்கம் அவர் வாயிலிருந்து வந்ததைக் காற்றுச் சத்தமாக ஒதுக்கிவிட்டு வயிற்றைக் கிழிக்கத் தயாராக இருந்தோம். இரண்டு பக்கத்திலும் நல்லவர்கள்தான் இருந்தார்கள். வயதானவர் விஷயத்தில் இது அடிக்கடி நடக்கும். இருபத்தைந்து வயதுக்காரர் 'வேண்டாம்' என்றால் ஏன் என்று கேட்போம். எழுபது வயதுக்காரர் சொன்னால் அவர் வயதே காரணம் என்று நாமே முடிவு செய்துகொள்வோம்.

புத்தி தெளியட்டும், அவரிடமே கேட்போம் என்று சொன்னேன். அப்படிச் சொல்வது சுலபம். காத்திருக்கும் நாட்களில் வயிற்று நீரில் கிருமி புகலாம், சிறுநீரகம் படுத்துக்கொள்ளலாம். புத்தி தெளிந்து, உடம்பு கைநழுவிப் போயிருந்தால் அந்த மகன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வார்டுக்குள் நுழையும்போதெல்லாம் முதலில் கட்டிலில் தொங்கும் சிறுநீர்ப் பையைத்தான் பார்த்தேன்.

பேதி மருந்து ஓடிக்கொண்டிருந்தது. எல்லாத் துறையிலும் அறிவைத் தலை வழியாக ஏற்றுவார்கள். நம் துறையில் மட்டும்தான் அடிவயிற்றைச் சுத்தம் செய்து அறிவைத் திரும்பக் கொண்டுவருகிறோம். இதில் கௌரவம் பார்க்காதீர்கள்.

இதற்கிடையில் வராந்தாவில் ஒரு பெரியவர் இருந்ததைக் கவனித்தேன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, மடியில் பை. காலையில் வருவார், சாயங்காலம் போவார், வார்டுக்குள் கால் வைக்க மாட்டார். சிவகாமி அம்மாள் அவரைக் கடந்து போகும்போது சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போவார். யார் என்று கேட்டேன்.

"கோமதியோட மாமனாரு. ஏரல்ல அரிசி மண்டி வச்சிருக்கேன். ஆறுமுகம்" என்றார் எழுந்து நின்று. "சம்பந்தி என்ன சொல்லுதாரு டாக்டரய்யா?"

"எங்க சொல்லுதாரு? ஈரல் வேண்டாம் ஈரல் வேண்டாம்னு ஒண்ணையேதான் சொல்லிக்கிட்டு இருக்காரு" என்றேன்.

ஆறுமுகம் தலையை ஆட்டினார். துண்டை எடுத்து மறு தோளில் போட்டார்.

"அவரு ஈரல்னு சொல்லியிருக்க மாட்டாரு. சைவக்காரரு வாயில அந்தச் சொல்லு எப்படி வரும்? ஏரல்னு சொல்லியிருப்பாரு. 'ஏரல் வேண்டாம்'. என் மகன் கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து அதத்தான சொல்லிக்கிட்டு இருக்காரு."

நான் பாளையங்கோட்டைக்காரன். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் ஈரல் வறுவல் இருக்கும். எனக்கு ஈரல் என்பது வயிற்றிலும் தட்டிலும் சாதாரணமாகப் புழங்கும் சொல். வேலை வேறு அதுவே. ஆகவே அண்ணாச்சி வாயைக் குழறிக்கொண்டு எதைச் சொல்லியிருந்தாலும் என் காதில் அது ஈரலாகத்தான் விழுந்திருக்கும். ஒரு வார்டு முழுக்க ஈரல் மருத்துவர்களை வைத்துக்கொண்டு, பக்கத்து ஊர்ப் பெயரைக் கண்டுபிடிக்க அரிசி வியாபாரி ஒருவர் தேவைப்பட்டார்.

விஷயம் இதுதான். கல்யாணம் முடிந்து பெண் வீட்டார் ஏரலுக்கு முதன்முதலாக விருந்துக்கு வந்திருக்கிறார்கள். பந்தியில் இலை போட்டு, தேங்காய்ப்பால் சொதி ஊற்றியாகிவிட்டது. சீராக வந்த பாத்திரங்களை அப்போதுதான் வேனிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். ஆறுமுகம் பரிமாறிக்கொண்டே, "பாத்திரக்கடைக்காரரு பொண்ணுக்குக் குடுத்த கொடத்துல நசுங்கல் இருக்கே, விக்காத சரக்கோ?" என்று கேட்டிருக்கிறார். சங்கரலிங்கம் அண்ணாச்சி இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

"கேலிக்குத்தான் சொன்னேன் டாக்டரய்யா. சம்பந்தியக் கேலி பண்ண எனக்கு உரிமை உண்டும்லா?" என்றார் ஆறுமுகம். "அதுக்கப்புறம் எங்க வீட்டுல அவரு கை நனைக்கல. பேத்திக்குக் காது குத்து, வீடு பால்காய்ப்பு, எல்லாத்துக்கும் வருவாரு. சீரு செய்வாரு. வாசப்படி தாண்ட மாட்டாரு. தண்ணி தாகம் எடுத்தா கார்ல போய் உக்காந்து, டவுன்ல இருந்து கொண்டாந்த பாட்டில்ல குடிப்பாரு. பேத்தி இப்பம் பத்தாம் வகுப்பு படிக்கா."

"நீங்க அவரு வீட்டுல?"

"அவரு நனைக்காம நான் எப்படி நனைக்க?"

இரண்டு நாளில் அண்ணாச்சிக்குப் புத்தி தெளிந்தது. என்ன கிழமை, எந்த ஊர் என்று கேட்டேன், சரியாகச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். கோயம்புத்தூர்ப் பெண் விரல் விட்டுச் சரிபார்ப்பதற்குள் அடிவரை போய்விட்டு, "வரி சேத்தா, சேக்காமலா?" என்று கேட்டார். மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பினேன்.

"அண்ணாச்சி, நீங்க ஒண்ணு வேண்டாம்னு சொன்னிய. முழுசாச் சொல்லுங்க. ஈரல் வேண்டாமா, ஏரல் வேண்டாமா?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "யாரு சொன்னா?"

"ஏரல்காரரு."

"வந்திருக்காரா?"

"வராந்தாவுலதான் இருக்காரு. நீங்க வந்த நாள்ல இருந்து."

அண்ணாச்சி எழுந்து உட்கார முயன்றார். "சாப்பிட்டாரா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவர் கதவைப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். "ஏட்டி, சம்பந்தி நம்ம ஊருக்கு வந்து வராந்தாவுல பட்டினியா இருக்காரு. கேட்டியா ஒரு வார்த்தை?"

"கேட்டேன். மாட்டேங்காரு" என்றது கதவுக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

அவர் திரும்பப் படுத்துக்கொண்டார். பிறகு என்னிடம் தெளிவாகச் சொன்னார். "எனக்கு ஈரல் வேணும் டாக்டரய்யா. இன்னும் கொஞ்ச நாளு இருக்கணும்னு ஆசை இருக்கு. வயசாச்சுன்னா ஆசை இருக்காதுன்னு யாரு சொன்னா? ஆனா ஏரல் வேண்டாம். அந்த வீட்டுத் தண்ணியே குடிக்காதவன், அந்த வீட்டு மருமக வயித்தக் கிழிச்சு வாங்கிக்கிடலாமா? வாங்கிட்டா பெறவு நான் வாசல்ல நிக்க முடியாதுல்லா. உள்ள போயித்தான ஆகணும்."

வேறு ஆளின் ஈரலுக்குக் காத்திருந்தால் அது வரும்வரை உடம்பு தாங்குமா என்பதை மறைக்காமல் சொன்னேன். தாங்காது என்பதே என் எண்ணம் என்றும் சொன்னேன். 'வாங்கிக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்வது நம் வேலை இல்லை. நம் நாக்கு நுனி வரை வரும். விழுங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து கோமதியைத் தனியாகக் கூப்பிட்டேன். கொடுப்பவருக்கும் ஆபத்து உண்டு, உயிருக்கேகூட ஆகலாம் என்று சொன்னேன். "உனக்கு மனசு இல்லைன்னா எங்கிட்ட மட்டும் சொல்லு. கடைசிச் சோதனையில உன் ஈரல் பொருந்தலைன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிடுதேன். காரணம் ஒருத்தருக்கும் தெரியாது." கொடுக்க வரும் ஒவ்வொருவரிடமும் இந்தக் கதவைத் திறந்து வையுங்கள். பலர் அந்த வழியாகப் போயிருக்கிறார்கள். ஒருவரைக்கூட நான் தப்பாக நினைத்ததில்லை.

கோமதி போகவில்லை. "பயமாத்தான் சார் இருக்கு. ஆனா மனசு இருக்கு. நான் அப்பாகிட்ட நேர்ல பேசணும்" என்றார்.

பேசும்போது நானும் அறையில் இருந்தேன். அவர் அழவில்லை. கோபமாக இருந்தார்.

"அப்பா, ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு தம்ளர் பாயசத்தக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னிருக்கேன். ஒரு நாளாவது வாங்கிக் குடிச்சியளா? உங்களுக்கும் மாமாவுக்கும் நடுவுல ஒரு கொடந்தான் நசுங்கிச்சு. எனக்கு என்னெல்லாம் நசுங்கிச்சுன்னு கேட்டியளா?"

அண்ணாச்சி சுவரைப் பார்த்தார்.

"இது ஏரல் வீட்டுது இல்ல. கல்யாணத்துக்கு முன்னாலயே எங்கிட்ட இருந்தது. நீங்க குடுத்தது. சீரோட சேத்து வந்துட்டு. இதுல நசுங்கல் ஒண்ணும் இல்லன்னு மதுரையில பாத்துச் சொல்லிட்டாவ. இதையும் வேண்டாங்கியளா?"

இத்தனை வருட வேலையில் நோயாளி முன்னால் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டது அன்றைக்கு ஒரு தடவைதான். ஜலதோஷம் மாதிரி காட்டிக்கொண்டேன்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "கேண்டீன் எத்தன மணி வரைக்கும் உண்டு?" என்று கேட்டார்.

கை நனைக்கும் பிரச்சினைக்கு அவர் கண்ட வழி அது. ஆஸ்பத்திரி கேண்டீன் அவர் வீடும் இல்லை, இவர் வீடும் இல்லை. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆறுமுகத்தை அழைத்து எதிரில் உட்கார வைத்தார்கள். அண்ணாச்சிக்கு உப்பு கூடாது என்பதால் சமையல்காரரிடம் சொல்லித் தனியாக உப்பில்லாத இட்லியும் துவையலும் செய்யச் சொல்லியிருந்தேன். பரிமாறுகிறவர் ஆறுமுகத்தின் தட்டில் சாம்பாரை ஊற்றப் போனார். அவர் கையை வைத்து மறித்தார்.

"எனக்கும் உப்பில்லாததே வைங்க."

இருவரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தார்கள். அந்த இட்லியை நானும் ருசி பார்த்திருக்கிறேன். அதைச் சாப்பிட்டு முடிப்பது சாதாரணக் காரியம் இல்லை. கை கழுவிய பிறகு அண்ணாச்சி, "வேன்லதான் வே நசுங்கிச்சு. கடையில இருந்து நல்லாத்தான் போச்சு" என்றார். "அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் ஆறுமுகம்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி தன் வாயால் சம்மதம் சொன்னார். முழு வாக்கியமாகச் சொல்லச் சொன்னேன், சொன்னார். கோயம்புத்தூர்ப் பெண் அதை எழுதிக்கொண்டு, இரண்டு சொற்களுக்கும் நடுவில் சந்தேகம் வராதபடி கொட்டை எழுத்தில் எழுதினார். மறுநாள் மதுரைக்கு அனுப்பினோம்.

அறுவை சிகிச்சை பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, நான் அங்கே இல்லை. கோமதி சீக்கிரம் எழுந்து நடந்துவிட்டார். அண்ணாச்சிக்கு வயது தன் கணக்கைக் காட்டியது. நெஞ்சில் சளி, கிருமி, மறுபடியும் கொஞ்ச நாள் புத்தித் தடுமாற்றம். தினமும் போன் செய்து கேட்பேன். தப்பாக முடிந்திருந்தால் இதே கதையை உங்களிடம் வேறு குரலில் சொல்லியிருப்பேன். நம் முடிவு சரியாக இருந்தாலும் ஆள் பிழைக்காமல் போவது உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது சின்ன விஷயம்தான். வயதானவர் 'வேண்டாம்' என்றால் எது வேண்டாம் என்று கேளுங்கள். அவர் குழறினால் தெளியும்வரை பொறுத்திருந்து கேளுங்கள். வலி வேண்டாம் என்கிறாரா, செலவு வேண்டாம் என்கிறாரா, பிள்ளைக்குப் பாரம் வேண்டாம் என்கிறாரா, இல்லை பக்கத்து ஊர்தான் வேண்டாம் என்கிறாரா என்பது நம் படிப்பை வைத்துத் தெரியாது. அவர் சொன்னால்தான் தெரியும்.

அண்ணாச்சி பிழைத்தார். நடமாட ஆரம்பித்ததும் முதல் வேலையாக ஏரலுக்குப் போயிருக்கிறார். கோமதிதான் சொன்னார். வாசலில் வழக்கமாக நிற்கும் இடத்தில் கொஞ்சம் நின்றாராம், பிறகு உள்ளே போனாராம். சொதி பரிமாறினார்களாம். சாப்பிட்டு முடித்து அந்தக் குடத்தை எடுத்துவரச் சொன்னாராம். டவுனுக்குக் கொண்டுபோய், நசுங்கலைத் தட்டி எடுத்து, துலக்கித் திரும்பக் கொண்டுவந்து வைத்தாராம். கேலி பண்ண இனி ஒன்றும் இல்லையே என்று ஆறுமுகத்துக்கு வருத்தமாம்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, அண்ணாச்சி வழக்கமான பரிசோதனைக்கு வந்திருந்தார். சீட்டு எழுதும் இடத்தில் புதிதாக வந்த நர்ஸ் இருந்தார். நான் பக்கத்து அறையில் இருந்தேன், பேச்சு காதில் விழுந்தது.

"பேரு?"

"சங்கரலிங்கம்."

"எந்த ஊரு?"

"டவுனு."

நர்ஸ் பழைய கோப்பைப் புரட்டினார். "ஈரல் மாத்தினவங்களா தாத்தா? யாரோட ஈரல்?"

எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி சட்டைக்கு மேலாக வலது விலாவுக்குக் கீழே கையை வைத்திருந்தார்.

"ஏரல்" என்றார்.

"ஈரல்தான், தெரியுது. யாரோடதுன்னு கேக்கேன்."

"பைய எழுது தாயி" என்றார் அண்ணாச்சி. "ஊரு டவுனு. ஈரல் ஏரல்."